நடுக்கடலில் ஓர் இறங்குதுறை

பயணிகள் படகுப் பாதுகாப்பு வாரியத்தின் சட்டப்படி, பயணி என்பவர் செய்யக்கூடிய காரியங்கள் நான்கு. அவர் ஏறலாம், அமரலாம், எழுந்து நிற்கலாம், இறங்கலாம். ஏறுவதும் இறங்குவதும் வாரியம் ஒப்புக்கொண்ட இறங்குதுறையில் மட்டுமே நடக்க வேண்டும்.

சிரிக்க வேண்டாம், நல்ல சட்டம் அது. முன்பெல்லாம் அக்கரைக்கு ஆள் ஏற்றிப் போன படகுக்காரர்கள், கரைவரை போகச் சோம்பல்பட்டு, "இடுப்பளவு தண்ணிதான், இறங்கு இறங்கு" என்று நடுவிலேயே விரட்டிவிடுவார்கள். இடுப்பு என்று அவர்கள் சொன்னது தங்களுடைய இடுப்பை. கையில் பிள்ளையோடு இறங்கியவர்களுக்கு அது கழுத்தாக இருந்தது. சிலருக்கு அதற்கும் மேலே. அந்தச் சாவுகளிலிருந்துதான் விதி பிறந்தது. வாரியம் இன்றும் அந்த விதியை உயிரைப் போலக் காத்து வருகிறது. எந்த உயிருக்காக என்பது மட்டும் நாளடைவில் மறந்துவிட்டது.

காத்தக்காவின் படகு முக்குளிப்புப் படகு. பவளப்பாறைக்கு மேலே போய் நிற்கும். முதுகில் சிலிண்டர் கட்டியவர்களைக் கடலுக்குள் அனுப்பும். அவர்கள் மீனையெல்லாம் பார்த்து முடித்ததும் திரும்ப அள்ளிக்கொண்டு கரைக்கு வரும். அவளுக்கு வேறு பெயர் உண்டு. துறைமுகத்தில் சிலிண்டருக்குக் காற்று நிரப்புகிறவள் என்பதால் எல்லோருக்கும் காத்தக்காதான். படகை ஓட்டுவது அவளுடைய தம்பி.

காற்று நிரப்புவது பார்ப்பதற்குச் சைக்கிள் டயருக்கு அடிப்பது போலத்தான் இருக்கும். ஆனால் ஒரு சின்ன அறை நிறையக் கொள்ளும் காற்றைக் கம்ப்ரஸர் நசுக்கி, கையில் தூக்கும் சிலிண்டருக்குள் அடைக்கிறது. எந்தக் காற்றை உறிஞ்சுகிறதோ அதையேதான் அடைக்கும். உறிஞ்சும் குழாய்க்குப் பக்கத்தில் டீசல் என்ஜின் ஓடினால் அதன் புகையும் உள்ளே போகும். அதில் இருக்கும் விஷ வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதனால் காத்தக்கா தன் குழாயின் வாயை ஒரு கம்பத்தின் உச்சியில் கட்டியிருந்தாள். காற்று திசை மாறினால் என்ன செய்துகொண்டிருந்தாலும் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கம்பத்தைத் திருப்புவாள்.

பக்கத்துப் படகுக்காரர் அப்படியில்லை. அவருடைய கம்ப்ரஸர் என்ஜின் புகைபோக்கிக்கு நேர் கீழே இருந்தது. காத்தக்கா சொல்லிப் பார்த்தாள். "இத்தனை நாளா எவனும் சாகலையே" என்று அவர் பதில் சொன்னார். அப்போதுதான் அவள் வாரியத்துக்கு மனு எழுதினாள்: டைவிங் படகுகளையும் சோதனை போடுங்கள்.

வாரியம் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டது. இனி முக்குளிப்புப் படகுகளும் சோதனைக்கு விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்தது. விண்ணப்பித்த படகு சான்றிதழ் வாங்கும்வரை துறையிலேயே கட்டிக் கிடக்க வேண்டும். விண்ணப்பிக்காத படகு வாரியத்தின் பதிவில் இல்லை. பதிவில் இல்லாத படகை வாரியத்தால் பார்க்க முடியாது. மொத்தம் ஒரு படகு விண்ணப்பித்தது.

கடல் தெளிந்திருப்பது வருஷத்தில் சில மாதங்கள்தான். மற்ற நாட்களில் நீட்டிய கை தெரியாது. அந்தச் சில மாதங்களில் ஓடினால்தான் காத்தக்காவின் வீட்டில் மற்ற மாதங்கள் ஓடும். தண்ணீர் தெளியத் தொடங்கிய வாரம் அவள் வாரியத்தின் மாடிப்படி ஏறினாள்.

அந்த மாடிப்படிக்குக் கைப்பிடி கிடையாது. மேலே சுவரில் உயிர்காப்பு வளையம் ஒன்று, யாரும் எடுத்துவிடாதபடி பூட்டுப் போட்டு மாட்டியிருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மாதிரிப் படகு. அதில் பொம்மைப் பயணிகள் அசையாமல் அமர்ந்திருந்தார்கள். வாரியம் மனசுக்குள் வைத்திருக்கும் பயணி அப்படித்தான் இருப்பார்.

மேசைக்குப் பின்னால் பிரிவு அதிகாரி. எந்த விதியையும் உட்பிரிவோடுதான் சொல்வார் என்பதால் துறைமுகத்தில் அவருக்கு உட்பிரிவு என்றே பெயர்.

"படகுல பயணிங்க என்ன செய்வாங்க?" என்று அவர் கேட்டார். "சுருக்கமா சொல்லுங்கம்மா."

"ஏறுவாங்க சார். பாறைகிட்ட போனதும் இறங்குவாங்க."

பேச்சில் நாம் எல்லாவற்றிலும்தான் இறங்குகிறோம். பேருந்திலிருந்து, கிணற்றில், தேர்தலில், வியாபாரத்தில், சண்டையில். காத்தக்கா யோசித்துச் சொன்ன சொல் அல்ல அது. உட்பிரிவு பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

"எந்த இறங்குதுறையில?"

"துறை இல்ல சார். கடல்ல."

"கடல்ல எந்த இறங்குதுறையில?"

"கடல்லயேதான் சார்."

"அம்மா, இறங்குறதுன்னா இறங்குதுறையில. துறை இல்லாத இடத்துல இறங்க முடியாது. ஆறாம் விதி, உட்பிரிவு ஆ."

"அய்யோ, அந்த இறங்குறது இல்ல சார். முக்குளிப்பாங்க. டைவ் அடிப்பாங்க."

"அந்தச் சொல் சட்டத்துல இல்ல."

"இல்லைன்னா செய்யக் கூடாதா?"

"செய்யக் கூடாதுன்னு நாங்க எங்க சொன்னோம்? செய்ய முடியாதுன்னு சொல்றோம்."

அன்று வீட்டில் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு, "அக்கா, வார்த்தைதானே சிக்கல்? வார்த்தையை மாத்திப் பாரு" என்று யோசனை சொன்னான். மறுநாள் அவனும் கூடவே வந்தான்.

"குதிப்பாங்க சார்" என்றான்.

உட்பிரிவின் முகத்தில் உண்மையான கவலை தெரிந்தது. "ஏன் குதிக்கிறாங்க? படகுல அவங்களுக்கு என்ன குறை?"

"குறையெல்லாம் இல்ல சார். அதுக்குத்தான் வர்றாங்க."

"அப்ப படகைச் சுத்தி ஆள் உயரத்துக்குக் கம்பி வேலி போடணும். மேல முள்ளு வச்சு."

"சரி சார், குதிக்கல. விழுவாங்க."

"யார் விழுவாங்க?"

"எல்லாரும்."

"எல்லாருமா?"

"தினமும் சார்."

உண்மையைச் சொன்னால் இந்தச் சொல்தான் சரியாகப் பொருந்தியது. முக்குளிப்பவர் படகின் விளிம்பில் கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, முகக்கண்ணாடியைக் கையால் அழுத்திக்கொண்டு, அப்படியே பின்பக்கமாகச் சாய்வார். கனமான சிலிண்டர் முதலில் தண்ணீரைத் தொடும். ஆள் அதன் பின்னால் போவார். முகத்தில் அடி படாது, படகும் அதிகம் ஆடாது. அழகான ஏற்பாடு. ஆனால் விழுதல் வாரியத்தின் அகராதியில் விபத்து. ஒருவர் விழுந்தாலே படகு உடனே கரை திரும்பி விசாரணைக்கு நிற்க வேண்டும்.

தம்பி கடைசி முயற்சியாக, "மூழ்குவாங்க சார்" என்றான்.

உட்பிரிவு எழுந்தே நின்றுவிட்டார். "அது போலீஸ் கேஸ் தம்பி. உடல் கிடைச்சிருச்சா?"

"அவங்களே திரும்பி வந்துடுவாங்க சார்."

"யாரு?"

"மூழ்கினவங்கதான்."

உட்பிரிவு தண்ணீர் குடித்தார். காத்தக்கா தம்பியை வெளியே அனுப்பிவிட்டு, "சார், இறங்குறாங்கன்னே வச்சுக்குங்க" என்றாள்.

"அப்ப துறை வேணும்" என்றார் அவர், நிம்மதியாக.

கோப்பு இறங்குதுறைப் பொறியாளரிடம் போனது. அவர் கெட்டவரில்லை. கான்கிரீட்டின் மேல் அளவற்ற அன்பு கொண்டவர், அவ்வளவுதான். இடத்தைப் பார்க்க வேண்டும் என்று, கட்டிக் கிடந்த காத்தக்காவின் படகை அவரே அவிழ்க்கச் சொல்லி, அதில் வந்தார். பவளப்பாறைக்கு மேலே, நாலு பக்கமும் கரையே தெரியாத இடத்தில், நங்கூரம் போட்டு நின்றார்கள். பொறியாளர் கண்ணுக்கு மேல் கையை வைத்துச் சுற்றிலும் பார்த்தார்.

"இங்கதான் இறங்குறாங்களா? நல்ல இடம். ஒரு வழிகாட்டிப் பலகை, நிழலுக்குக் கூரை, குடிதண்ணிக் குழாய், சக்கர நாற்காலி ஏற ஒரு சரிவு. இதெல்லாம் இல்லாம துறை கிடையாது."

"தூண் எங்க சார் நிக்கும்?" என்று கேட்டாள் காத்தக்கா.

"பாறை மேலதான். அதான் இவ்வளவு நல்ல பாறை இருக்கே!"

"அந்தப் பாறையைப் பார்க்கத்தான் சார் ஜனங்க வர்றாங்க."

"அப்படியா? பாதிப் பாறை மிஞ்சும்மா." கொஞ்சம் யோசித்தார். அவர் முகம் மலர்ந்தது. "துறை வந்தாச்சுன்னா கரையிலேர்ந்து ஒரு பாலம் போட்டுடலாம். நடந்தே வரலாம். உங்க படகே தேவைப்படாது. ஆபத்தில்லாத படகுன்னா அதுதான்."

திரும்பும்போது அவர் கண்ணில் ஏணி பட்டது.

முக்குளிப்புப் படகின் ஏணி சாதாரண ஏணியல்ல. அதன் கடைசிப் படிகள் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். நீரின் மட்டத்தோடு நின்றுவிட்டால் மிதப்பவர் காலைத் தூக்கி வைக்க முடியாது. கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். நேராகத் தொங்கினால் முதுகிலிருக்கும் சிலிண்டர் ஆளைப் பின்னால் இழுத்துவிடும். கடலுக்குள் எடையே இல்லாமல் திரிந்தவருக்கு, மேலே வரும் நொடியில் உடம்பு, சிலிண்டர், ஈரம் எல்லாம் ஒன்றாகக் கனக்கும். அந்த நொடியைத் தாங்குவதற்காகத்தான் ஏணி. காத்தக்கா நாலு பட்டறைக்காரர்களோடு சண்டை போட்டு அதைச் செய்து வாங்கியிருந்தாள்.

"இது என்ன?"

"ஏணி சார். மேல ஏறுறதுக்கு."

"ஏறுற ஏணியில இறங்க முடியாதா?"

"முடியும்..."

"இறங்குறதுக்குன்னு ஒரு அமைப்பு இருந்தா அது இறங்குதுறை. இது அனுமதியில்லாத இறங்குதுறை. அதுவும் படகுலயே கட்டித் தூக்கிக்கிட்டுத் திரியுறீங்க."

ஏணியை மடக்கி, கம்பி சுற்றி, ஈய முத்திரை வைத்துச் சீல் போட்டுவிட்டுப் போனார். போகிறவரிடம் காத்தக்கா கெஞ்சாத குறையாகக் கேட்டாள்: "சார், சிலிண்டர்ல இருக்கிற காத்தைச் சோதிக்க மாட்டீங்களா? முக்கியமே அதுதான் சார். அதுக்குத்தான் நான் மனுவே எழுதினேன்."

"சிலிண்டரா? அது சாமான்மா. நாங்க பயணிகள் பிரிவு."

வீட்டுக்கு வந்து கம்ப்ரஸரின் வடிகட்டியை அக்கு அக்காகக் கழற்றித் துடைத்தாள். எரிச்சல் வந்தால் அவள் செய்கிற வேலை அது. அந்த மாதம் வடிகட்டி அவ்வளவு சுத்தமாக இருந்தது.

தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்து கிடந்தது. பக்கத்துப் படகு தினமும் ஆள் நிறையப் போய் வந்தது. காத்தக்கா விண்ணப்பத்தைத் திருப்பிக் கேட்டுப் பார்த்தாள். சான்றிதழ் பெற்றவர்கள் மட்டுமே விண்ணப்பத்தைத் திரும்பப் பெறலாம் என்றார்கள். பிறகு அவள் தினமும் மாடியில் போய் உட்கார ஆரம்பித்தாள். கடைசியில் வாரியத்தின் இயக்குநர் ஒரு கூட்டம் போட்டார்.

இயக்குநர் முதலில் ஒரு சிறிய உரை ஆற்றினார். "இந்த வாரியத்தோட பதிவில இதுவரைக்கும் ஒரு விபத்துகூட இல்லை. சும்மா வந்த பேரில்லை இது. ஒரு படகுல விபத்து நடக்கப் போகுதுன்னு சின்னதா ஒரு சந்தேகம் வந்தாலும் உடனே அந்தப் படகைப் பதிவிலேர்ந்து நீக்கிடுவோம். நடந்த பிறகு தெரிஞ்சா, முன்தேதி போட்டு நீக்குவோம். அந்த அளவுக்கு விழிப்பா இருக்கோம்."

எல்லோரும் தலையசைத்தார்கள். பிறகு அவர் காத்தக்காவின் பக்கம் திரும்பி, மனமிரங்கி, ஒரு வழி சொன்னார்.

"இவங்க பயணிங்க கீழ போறப்போ எதையாவது பிடிச்சுக்குவாங்களா?"

"ஆமா சார். கயிறு ஒண்ணு தொங்கவிடுவோம். அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் மெதுவா போவாங்க."

"கயிறு எதுல கட்டியிருக்கும்?"

"படகுல."

"அப்ப கயிறு படகோட பாகம். கயித்தைப் பிடிச்சிருக்கிற வரைக்கும் ஆள் படகுலதான் இருக்கார். இறங்கவே இல்லையே!"

காத்தக்காவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இத்தனை நாளில் ஒரு மனிதர் முதல்முறையாகக் கயிற்றைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அவள் கைகூப்பப் போனாள். அதற்குள் உட்பிரிவு தொண்டையைச் செருமினார்.

"படகுல இருக்கிறவர் எந்நேரமும் உயிர்காப்பு அங்கி போட்டிருக்கணும் சார். ஒன்பதாம் விதி, உட்பிரிவு இ."

"போடட்டுமே" என்றார் இயக்குநர். "பாதுகாப்புதானே?"

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. கடலுக்குள் போவது நினைப்பது போலச் சுலபமில்லை. மனித உடம்பு மிதக்கத்தான் பார்க்கும். குளிருக்குப் போடும் ரப்பர் உடை இன்னும் மிதக்கும். அதனால்தான் இடுப்பில் ஈயக்கட்டி கட்டுகிறார்கள். உடம்பு மேலே இழுக்க, ஈயம் கீழே இழுக்க, இரண்டும் சரியாகச் சமன்படும் இடத்தில் மனிதர் மீனைப் போல நிற்கிறார். அந்தச் சமன்தான் முக்குளிப்பின் சுகமே. உயிர்காப்பு அங்கியோ, மயங்கிய ஆளைக்கூட வானம் பார்க்க மிதக்கவைக்கும்படி செய்யப்பட்டது. இரண்டையும் ஒரே உடம்பில் மாட்டினால் என்ன ஆகும் என்பதை அதிகாரிகளின் முன்னிலையில் தம்பி செய்து காட்டினான்.

முதுகில் சிலிண்டர், மார்பில் ஆரஞ்சு நிற அங்கி. பின்பக்கமாகச் சாய்ந்தான். தண்ணீரைத் தொட்ட வேகத்தில் மேலே வந்து, நெஞ்சை நிமிர்த்தி வானத்தைப் பார்த்து மிதந்தான். தலையை உள்ளே நுழைத்துப் பார்த்தான். கால் மேலே வந்தது. கையால் துழாவினான், தட்டாமாலை சுற்றினான்.

"அக்கா, நான் பூமியைவிட்டே போயிடுவேன் போல இருக்கு!"

"இன்னும் கொஞ்சம் ஈயம் கட்டினா கீழ போயிடுவான் சார்" என்றாள் காத்தக்கா. "ஆனா அங்கி கிழிஞ்சா கல்லு மாதிரி அடியில போய் உக்காந்துடுவான். ஆபத்து."

"ஈயமா? பயணி உடம்புல பாரம் கட்டக் கூடாது" என்றார் உட்பிரிவு. "பதினோராம் விதி, உட்பிரிவு அ. கொலைக் குற்றத்தைத் தடுக்க வந்தது."

இயக்குநர் மிதக்கும் தம்பியை நெடுநேரம் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு நிறைவு. "என் சர்வீஸ்ல இவ்வளவு பத்திரமான பயணியை நான் பார்த்ததில்லை" என்றார்.

சான்றிதழ் அன்றே வந்தது.

அதன் பிறகு காத்தக்காவின் படகுக்கு வந்தவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஆரஞ்சு நிறத்தில், பாறைக்கு மேலே மிதந்தார்கள். திரும்ப மேலே வர ஏணி இல்லை என்பதால் தம்பி ஒவ்வொருவரையும் அக்குளில் கைகொடுத்து இழுத்துப் போட்டான். "மீன் எங்கங்க?" என்று கேட்டவர்களுக்கு, "கீழ இருக்குங்க" என்று காத்தக்கா பதில் சொன்னாள். அடுத்த வாரம் பாதிப் பேர் வரவில்லை. அவர்கள் பக்கத்துப் படகில் போனார்கள். அங்கே சான்றிதழ் இல்லாததால் டைவிங் இருந்தது.

"சான்றிதழ் மாட்டின அந்தக் கண்ணாடிச் சட்டத்தைக் கழட்டி வீட்டுல வச்சுட்டு நாமளும் போவோம் அக்கா" என்றான் தம்பி.

"போனா நாமளும் அவனும் ஒண்ணாயிடுவோம்டா."

"இப்ப மட்டும்? அவன் டைவ் அடிக்கிறான். நாம துணி அலசுறோம்."

காத்தக்கா பக்கத்துப் படகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஏதோ சரியில்லை.

அந்தப் படகிலிருந்து கொஞ்ச தூரம் தள்ளி ஒரு பெண் மேலே வந்திருந்தாள். கை அசைக்கவில்லை. தலை ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. நீரோட்டம் அவளை இந்தப் பக்கம் கொண்டுவந்துகொண்டிருந்தது. பக்கத்துப் படகுக்காரர் அந்தப் பக்கம் வேறு யாருக்கோ சிலிண்டர் கட்டிக்கொண்டிருந்தார்.

புகை கலந்த காற்றின் குணம் இதுதான். கீழே இருக்கும்போது தண்ணீரின் அழுத்தம் ஆக்ஸிஜனை உடம்புக்குள் திணித்து ஓரளவு தாங்கிப் பிடிக்கும். தலை வலிக்கும், குமட்டும், அவ்வளவுதான். மேலே வர வர அந்தப் பிடி விடும். பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டோம் என்று நினைக்கும் இடத்தில்தான் ஆள் சரிவார்.

"டேய், கயித்தைப் போடு!" என்று கத்திய காத்தக்காவை மறுநொடி படகில் காணோம். அங்கியையும் காணோம்; அது பலகையில் கிடந்தது. அவள் அந்தப் பெண்ணின் முகத்தைத் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொண்டு படகின் பின்பக்கம் கொண்டுவந்தாள். சிலிண்டரோடு அந்த உடம்பை அக்குளில் பிடித்து இழுக்க முடியவில்லை. சிலிண்டரைக் கழற்றியும் முடியவில்லை. ஈர உடையில் கை வழுக்கியது.

"அக்கா, சீல்!"

"வெட்டுடா!"

தம்பி குறட்டால் கம்பியை வெட்டினான். ஏணி விழுந்து தண்ணீருக்குள் நின்றது. காத்தக்கா கீழிருந்து தோளால் முட்டித் தூக்க, தம்பி மேலிருந்து வாங்க, அந்தப் பெண் படகின் தரையில் கிடத்தப்பட்டாள். காத்தக்கா ஆக்ஸிஜன் முகமூடியை வைத்துப் பிடித்தாள். இந்த விஷத்துக்கு மருந்து சுத்தமான ஆக்ஸிஜன்தான். துறைமுகத்திலேயே அது இருந்த படகு இது ஒன்றுதான். நெடுநேரத்துக்குப் பிறகு அந்தப் பெண் கண் திறந்து, முகமூடிக்குள் வாந்தி எடுத்தாள். காத்தக்காவுக்கு அதைவிட நல்ல காட்சி அந்த வருஷம் கிடைக்கவில்லை.

மறுவாரம் விசாரணை. அதே மாடி. காத்தக்கா ஒரு நாற்காலியில், தம்பி ஒன்றில். ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த அந்தப் பெண் இன்னொன்றில், முகம் வெளுத்து.

"உயிர் போயிருந்தா விபத்துப் பிரிவு பார்த்திருக்கும்" என்று தொடங்கினார் உட்பிரிவு. "போகல. அதனால எங்ககிட்ட வந்திருக்கு. அரசு முத்திரையை உடைச்சது ஒண்ணு. ரெண்டாவது, இந்த அம்மா நடுக்கடல்ல, துறை இல்லாத இடத்துல, உங்க படகுல ஏறியிருக்காங்க."

"எனக்கு நினைவே இல்லைங்க" என்றாள் அந்தப் பெண்.

"நினைவில்லாம ஏறுறதும் ஏறுறதுதான்மா. மூணாவது, நீங்க." அவர் காத்தக்காவைப் பார்த்தார். "இறங்குனீங்களா, குதிச்சீங்களா, விழுந்தீங்களா? எதுன்னு சொல்லிடுங்க. எதுவா இருந்தாலும் சான்றிதழ் ரத்துதான். சரியான உட்பிரிவுல ரத்து பண்ணணும்ல?"

"அந்தப் பக்கத்துப் படகு சார்? அவன் காத்துலதானே இந்தப் பொண்ணு..."

"எந்தப் படகு?"

"ஜன்னல்ல பாருங்க சார், அந்தா நிக்குது!"

உட்பிரிவு ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. "பதிவில இல்லையேம்மா."

காத்தக்காவுக்கு இத்தனை மாதமாக அடக்கிவைத்திருந்தது எல்லாம் தொண்டைக்கு வந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"ஏறினா ஏறினான்னு சொல்றீங்களே, கால்ல உயிர் இருந்தாதானே சார் ஏறுவா? அவ ஏறல! நாங்க ஏத்தினோம்! மூட்டை மாதிரி கிடந்தா, மூட்டை மாதிரி தூக்கி ஏத்தினோம்! கரையில கொண்டுவந்து இறக்கினோம்! போதுமா?"

உட்பிரிவின் பேனா நின்றது.

"என்ன சொன்னீங்க?"

"ஏத்தினோம்! இறக்கினோம்!"

"ஏறல, இறங்கல. ஏத்தினீங்க, இறக்கினீங்க." அவர் ஒவ்வொரு சொல்லையும் வாயில் போட்டுப் பார்த்தார். அவருடைய முகம் மெல்லத் தெளிந்தது. "அட, இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமேம்மா. ஏத்துறது இறக்குறது எங்களுது இல்லையே. அது சரக்குப் பிரிவு. சரக்கைக் கடல்ல எங்க வேணும்னாலும் இறக்கலாம், எங்க வேணும்னாலும் ஏத்தலாம். துறை வேண்டாம்."

கோப்பைக் கட்டிப் பக்கத்து அறைக்கு அனுப்பினார். பல மாதங்களாகக் காணாத சுறுசுறுப்பு அவர் கையில் இருந்தது.

காத்தக்காவின் படகு இப்போது சரக்குப் படகு. அதில் போகிற ஆட்கள் போகவர இறக்கி ஏற்றப்படும் சரக்கு. சரக்குக்கு உயிர்காப்பு அங்கி வேண்டியதில்லை. மிதக்காமலிருக்கப் பாரம் கட்டலாம். ஏணி, ஏற்றி இறக்கும் கருவி ஆகிவிட்டது. அதைச் சீல் வைத்து முடக்கினால்தான் குற்றம்.

"படகு மேல 'சரக்கு'ன்னு பெரிசா எழுதணுமாம் அக்கா" என்றான் தம்பி. "எழுதினா வேற மாதிரிக் கூட்டம் வரும். பாட்டிலோட வந்து நிப்பான்."

முதல் பயணத்துக்கு முன்னால் சரக்குப் பிரிவின் சோதனையாளர் வந்தார். நடுத்தர வயதுப் பெண். கையில் சின்னக் கருவி. ஏணியின் மேற்படியில் ஏறி நின்று குதித்துப் பார்த்தார். பிறகு, யாரும் சொல்லாமலேயே, ஒவ்வொரு சிலிண்டராக வால்வைத் திறந்து கருவியை நீட்டினார். கம்ப்ரஸரின் குழாயைப் பிடித்துக்கொண்டே போய், கம்பத்தின் உச்சிவரை அண்ணாந்து பார்த்தார்.

காத்தக்கா கிட்டே ஓடி வந்தாள். "மேடம், நீங்க காத்தைப் பார்க்கிறீங்களா?"

"பின்ன? சரக்கோட சேர்ந்து போறது சரக்கைக் கெடுக்கக் கூடாதுல்ல."

"இத்தனை மாசமா இதைத்தான் மேடம் கேட்டேன். ஒருத்தரும் பார்க்கல."

"அப்ப நீங்க பயணிகள்ல இருந்திருப்பீங்க." சோதனையாளர் அடுத்த சிலிண்டருக்குப் போனார். "ஆள் செத்தா இரங்கல் சொல்லி முடிச்சுக்கலாம்மா. சரக்கு கெட்டா சொந்தக்காரன் கோர்ட்டுக்குப் போவான். நாங்க பதில் சொல்லணும்."

அப்போது பக்கத்துப் படகு ஆள் நிறையப் புறப்பட்டுப் போனது. அதன் கம்ப்ரஸர் புகைபோக்கிக்குக் கீழேயே இருந்தது. காத்தக்கா கையை நீட்டிக் காட்டினாள். சோதனையாளர் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "அதுல இருக்கிறது சரக்கில்லையேம்மா" என்றார்.

அன்று வந்த கூட்டத்தில் கண்ணாடி போட்ட ஓர் ஆசிரியர் இருந்தார். ஏறுவதற்கு முன் கையெழுத்துப் போடச் சொன்ன தாளை ஊன்றிப் படித்தார். அனுப்புபவர், பெறுபவர், எடை, உடையக்கூடியதா என்றெல்லாம் அதில் கேட்டிருந்தது.

"என்னங்க இது? நாங்க மனுஷங்கதானே?"

"கரைக்கு வந்ததும் மனுஷங்கதான் சார்" என்றாள் காத்தக்கா. அவருடைய முதுகில் சிலிண்டரைத் தூக்கி வைத்து வாரை இறுக்கினாள். "அதுவரைக்கும் பத்திரமா இருப்பீங்க."